விடுமுறை இல்லாத வீடு

எங்கள் ஊரில் குளிர்காலம் உண்டா என்று யாராவது கேட்டால், இலக்கணத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் உண்டு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தொல்காப்பியர் பெயர் சொன்ன பெரும்பொழுதுகளுக்கு உரைகாரர்கள் மாதக்கணக்குப் போட்டுத் தந்திருக்கிறார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. ஆனால் குமரிக்கடலுக்கு இத்தனை அருகில் இருக்கும் அஞ்சுகிராமத்தில் மார்கழி விடியலிலும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் நேர்வதில்லை. இளையவன் ஒரு நாள், "பனி எங்கே இருக்கு? காட்டுங்க" என்று கேட்டான். வரப்புப் புல்லைக் காட்டினோம். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது வெறும் தண்ணி" என்றான். உரைகாரர்கள் தோற்ற இடம் அது.

எங்கள் குளிர்காலத்தை வேறு அடையாளங்களால்தான் கண்டுகொள்கிறோம். ஆனி தொடங்கி நான்கைந்து மாதம் ஓயாமல் சுழன்ற காற்றாலைகள் ஐப்பசி பிறந்ததும் சோம்பி, பல நாட்கள் அசையாமல் நிற்கும். வயலில் கும்பப்பூ நெல் தூர் கட்டிப் பச்சையாகத் தழைத்திருக்கும். ஊர்க்குளத்தில் தண்ணீர் கிடக்கும். மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறோம்; சற்று நடந்தால் திருநெல்வேலிச் சீமை. பேச்சிப்பாறையிலிருந்து கால்வாய் வழி வரும் தண்ணீர் எல்லா ஊருக்கும் கொடுத்து மிச்சமிருந்தால் எங்களுக்கு. அந்த அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் கடைமடைக்காரனின் புலம்பல் மாறவில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்கிற இந்த இரண்டு மூன்று மாதங்கள்தான் அந்தப் புலம்பலுக்கு விடுமுறை.

விடுமுறை என்ற சொல் இங்கே தானாக வந்து விழுந்துவிட்டது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

எங்கள் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. எங்களில் ஒருவர் காலையில் பேருந்து பிடித்துக் கல்லூரிக்குப் போய்த் தமிழ் கற்பிக்கிறோம். மற்றவர் வயலையும் வாழையையும் இரண்டு பசுக்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறோம். மாலையில் இந்தப் பொறுப்புகள் இடம் மாறும். வருகைப்பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் வைத்துச் சம்பளம் வாங்குகிற ஒரு குடும்பம் தன் பிள்ளைகளை அவற்றிலிருந்து விலக்கி வைத்திருப்பதில் உள்ள முரணை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எல்லோரும் சொல்கிறார்கள்.

இது கொள்கையாகத் தொடங்கவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளின் துயரத்துக்கு முன்னால் எங்கள் இழப்பைச் சொல்லவே கூசும். குலை தள்ளிய வாழை முழுவதும் தரையில் கிடந்தது, அவ்வளவுதான். மின்சாரம் வர நாளானது. மூத்தவள் அப்போது ஒன்றாம் வகுப்பு. எங்களோடு தோட்டத்தில் இறங்கி, விழுந்த வாழைகளை எண்ணினாள். ஏத்தன் இத்தனை, செந்துளுவன் இத்தனை, மட்டி இத்தனை என்று கரித்துண்டால் சுவரில் கோடு கிழித்தாள். ஐந்து ஐந்தாகக் கட்டுவதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. முந்தைய மாதம்வரை எண்களைக் கண்டால் அழுத குழந்தை அவள். பள்ளி மறுபடி திறந்தபோது, ‘இன்னும் ஒரு வாரம் கழித்து அனுப்பலாம்’ என்றோம். அந்த ஒரு வாரம்தான் எட்டு ஆண்டுகளாக நீண்டுவிட்டது. நடுவில் 2020-இல் பெருந்தொற்று வந்து நாடு முழுவதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது, எங்களைக் கேலி செய்தவர்களே தொலைபேசியில் அழைத்து யோசனை கேட்டார்கள். அந்தச் சில மாதங்கள் நாங்கள் ஞானிகளாக இருந்தோம்.

பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதற்கு இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமற்ற இடம் தமிழ்நாட்டில் இல்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் முதலிடம் குமரிக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேருக்கு மேல். எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிற மயிலாடி இன்று கல் சிற்பத்துக்குப் பேர் போனது. ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1809-இல் தொடங்கிய பள்ளி அந்த ஊரில்தான் முளைத்தது. பிறகு அது நாகர்கோவிலுக்குப் பெயர்ந்து, 1893-இல் கல்லூரியாக வளர்ந்து, இன்று ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக நிற்கிறது. தோளில் சீலை போடுவதற்கே பெண்கள் போராட வேண்டியிருந்த மண் இது. 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு அதற்கு அறிவிப்பு வெளியிட்டது. இங்கே பள்ளிக்கூடம் என்பது படிப்பு மட்டுமல்ல. இடுப்பு வளையாமல் நிமிர்ந்து நடக்கக் கிடைத்த உரிமை.

எங்கள் வயலுக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிற மூதாட்டி ஒருவர் இதை எங்களுக்கு இன்னும் சுருக்கமாக விளக்கினார். கார்த்திகையில் ஒரு நாள், களை பறித்துக்கொண்டே, தலை நிமிராமல்:

"சாரே, எங்க ஆச்சியப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில ஏற விடல்ல. எங்க அம்மை மூணாங்கிளாஸு. நான் எட்டு. எம் மவ டீச்சரு. இவ்வளவுக்கும் நாலு தலமொற ஆயிருக்கு. நீங்க என்னன்னா எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டு, பிள்ளைய எங்கூட வயல்ல எறக்கி விட்டிருக்கிய."

பதில் சொல்ல வாயெடுத்தோம். காந்தியின் ஆதாரக் கல்வி, 1937 வார்தா மாநாடு, கையால் செய்வதிலிருந்து அறிவு பிறப்பது என்று எங்கள் கைவசம் ஒரு சொற்பொழிவு எப்போதும் தயார். அவருக்குக் கையால் செய்வதைப் பற்றி எங்களிடமிருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்பது நல்லவேளையாக அந்தக் கணத்தில் உறைத்தது. வாயை மூடிக்கொண்டோம்.

சட்டத்தின் நிலையும் எங்கள் குளிர்காலத்தைப் போலத்தான். உண்டென்றும் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது வைக்கவில்லை. பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு வீடாக வருவார்கள். ஓராண்டு வந்தவர் எங்களிடம் கல்லூரியில் படித்தவர். திண்ணையில் உட்கார்ந்து, காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் பேனாவை வைத்தபடி வெகுநேரம் யோசித்தார். வறுமை, இடம்பெயர்வு, வேலைக்குப் போவது, உடற்குறை என்று காரணங்கள் இருக்கின்றன. பெற்றோரின் பிடிவாதம் என்று ஒன்று இல்லை. உள்ளேயிருந்து மூத்தவள் சுக்குக்காப்பி கொண்டுவந்து வைத்தாள். "நீ என்னம்மா படிக்கிற?" என்றார். "இப்போதைக்குப் பின்னங்கள். கோட்டைக் கணக்குல" என்றாள். அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பரிதாபம் அவளுக்காகவா எங்களுக்காகவா என்று பிறகு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

கோட்டைக் கணக்கு எங்கள் பெருமைகளில் ஒன்று. நெல்லளவையில் இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. அதென்ன இருபத்தொன்று, இருபதாக வைத்திருக்கக் கூடாதா என்று பிள்ளைகள் கேட்டபோது, ஏழிலும் மூன்றிலும் பங்கு போட்டுப் பார்க்கச் சொன்னோம். பின்னக்கணக்கு முழுவதையும் மரக்காலும் நாழியும் வைத்தே நடத்தினோம். மழைமானி என்று ஒரு பாட்டிலை அறுத்துக் கூரையில் வைத்தோம். காலை ஆறரைக்கு அளவெடுத்துக் குறிப்பது இளையவன் வேலை. அணையின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்து வரைபடம் போடுவது மூத்தவள் வேலை. முன்பனிக் காலையில், பால் கறந்து, மாட்டுத் தொழுவைக் கூட்டி, தண்ணீர் முறைக்கு மடை திருப்பிவிட்டு வந்து, பழையதும் புளிக்கறியும் சாப்பிட்டு, தொழுவத்துச் சூட்டில் உட்கார்ந்து வாசிக்கிற இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அதற்காக எதையும் கொடுக்கலாம் என்று நாங்கள் நினைத்ததுண்டு. கொடுத்தது யாருடையதை என்று நினைக்கவில்லை.

எங்கள் குளிர்காலப் பாடங்களில் சிகரமானது பனங்கிழங்கு. ஆவணி புரட்டாசியில் பனங்கொட்டைகளைச் சேர்த்து மணல்மேட்டில் பதித்து வைத்தால் மார்கழி கடைசியில் தோண்டலாம். தோண்டி, அவித்து, நடுவே பிளந்தால் இரு புறமும் கூராக விரியும். சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்கு நாரையைத் தூது விட்ட பாட்டில் அந்தப் பறவையின் அலகை இந்தப் பிளந்த கிழங்கோடுதான் ஒப்பிடுகிறார். அந்த நாரை நீராட வருவதும் எங்கள் குமரித் துறைக்குத்தான். வகுப்பறையில் எத்தனையோ முறை அந்தப் பாட்டை நடத்தியிருக்கிறோம். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், மதிப்பெண் வாங்கினார்கள். எங்கள் இளையவன் பிளந்த கிழங்கை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஒற்றைக் காலில் நின்றான். அன்று மாலையே அவர்களைத் தேரூர்க் குளத்துக்கு அழைத்துப் போனோம். சுசீந்திரமும் தேரூரும் சேர்ந்த அந்த ஈரநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கவிமணி பிறந்த ஊர். அருகிலிருந்த திருவாவடுதுறை மடத்துத் தம்பிரானிடம் அவர் பள்ளிக்கு வெளியேதான் தமிழ் கற்றார் என்பதைக் குளக்கரையில் வைத்துச் சற்று அழுத்தியே சொன்னோம். எங்கள் கட்சிக்கு ஒரு சாட்சி.

மூத்தவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் கொண்டுவந்திருந்த கிழங்கின் நாரை உரித்தபடி, "எல்லாத்தையும் பாடமாக்காதீங்க. ஒரு கிழங்கையாவது சும்மா தின்ன விடுங்க" என்றாள்.

சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது.

கடந்த மார்கழியில் சுசீந்திரம் திருவிழாவின் மூன்றாம் நாள் போயிருந்தோம். அன்றைக்குத்தான் மக்கள்மார் சந்திப்பு. கோட்டாற்றிலிருந்து பிள்ளையாரும், வேளிமலையிலிருந்தும் மருங்கூரிலிருந்தும் முருகனும் தாய் தகப்பனைப் பார்க்க வருகிற நாள். ஆளுக்கு ஒரு ஊரில் தனிக்குடித்தனமாக இருக்கிற பிள்ளைகள் வீடு வருகிறார்கள் என்பதைவிட நாஞ்சில் நாட்டுக்காரனுக்குப் பிடித்த கதை வேறு இருக்க முடியாது. கூட்டத்தில் மூத்தவளோடு ஒன்றாம் வகுப்பில் படித்த பெண்ணைப் பார்த்தோம். அவளோடு இன்னும் நாலு பேர். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு வந்திருந்தார்கள். எந்தக் கேள்வி பாடத்துக்கு வெளியிலிருந்து வந்தது, எந்த ஆசிரியர் எப்படிக் கத்துவார், விடுமுறையில் யார் வீட்டுக்கு யார் போவது என்று ஒரே பேச்சு. எங்கள் பெண் அவர்களுக்கு நடுவில் நின்றாள். சிரிக்கிற இடத்தில் எல்லோரும் சிரித்து முடித்தபின் அவள் சிரித்தாள். அரை நொடிதான் பிந்தியது. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த அரை நொடி போதுமானதாக இருந்தது.

மயிலாடி வழிப் பேருந்தில் திரும்பும்போது சொன்னாள்:

"எனக்கு லீவு வேணும்."

"எதிலேருந்து?"

"உங்ககிட்டேயிருந்து. கோபமா சொல்லல. அவங்களுக்கெல்லாம் ஸ்கூல்லேருந்து லீவு விட்டா வீடு இருக்கு. எனக்கு வீட்டுலேருந்து லீவு விட்டா எங்க போவேன்?" சிறிது நேரம் கழித்து, "சாமியே பிள்ளைங்கள வேற ஊர்லதான் வச்சிருக்கு" என்றாள்.

இளையவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அஞ்சுகிராமம் வரும்வரை எங்களில் யாரும் பேசவில்லை.

காந்தியை எங்களுக்கு ஆதரவாக எத்தனையோ முறை மேற்கோள் காட்டியவர்கள் நாங்கள். அன்றிரவு அவரை மறுபடி எடுத்து வாசித்தபோது வேறு பக்கங்கள் கண்ணில் பட்டன. 1910 மே மாத இறுதியில் ஜோகனஸ்பர்க் அருகே கால்லென்பாக் தம் பண்ணையைச் சத்தியாகிரகிகளுக்குக் கொடுத்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர். தென்கோளத்தில் அது குளிர்காலம் பிறக்கிற சமயம். அங்கே வந்து சேர்ந்த குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. காலையில் பண்ணைவேலை, மதியத்துக்கு மேல் பாடம். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் காந்தியே; போப் எழுதிய கையேட்டுக்கு மேல் தமக்குத் தமிழ் தெரியாது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தமிழாசிரியர் என்ற முறையில் எங்களுக்கு இந்த இடம் எப்போதும் இனிக்கும். அடுத்த பகுதிதான் கசக்கும். தம் மகன்களையும் அவர் பள்ளிக்கு அனுப்பவில்லை. அலுவலகத்துக்கு நடந்து போகும்போது கூட அழைத்துப் போய்ப் பேச்சிலேயே கற்பித்தார்; எழுத்துக்கல்விக்கு வேண்டிய நேரத்தைத் தம்மால் கொடுக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிள்ளைகளுக்கு அதில் குறை உண்டென்பதையும் சொல்லிவிட்டு, தம் முடிவில் தவறில்லை என்றே நிற்கிறார். மூத்தவர் ஹரிலால் 1911-இல் தந்தையை விட்டுப் பிரிந்து இந்தியாவுக்குக் கிளம்பினார், படிக்க. பிறகு அவர் வாழ்க்கை எப்படியெல்லாம் சிதைந்தது என்பது ஊரறிந்தது. அதற்குப் பள்ளிக்கு அனுப்பாததே காரணம் என்று சொல்வது அபத்தம். ஆனால் ஒரு மகன் படிப்புக் கேட்டு வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது என்பதை அபத்தம் என்று தள்ள முடியவில்லை.

எங்களுக்குள் அன்று சச்சரவு வந்தது. ஒருவர், இது வயதின் ஆசை, இரண்டு மாதத்தில் அடங்கும் என்றோம். மற்றவர், அடங்கிவிட்டால் அதுதான் பயம் என்றோம். கல்லூரியில் முதலாண்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைகள், கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்க்கிறார்களே, பன்னிரண்டு வருடப் பள்ளி அவர்களுக்கு இதைத்தானே கற்றுக்கொடுத்தது என்று வாதம். அவளுக்குத் தரையைப் பார்க்காமல் கேட்கத் தெரிந்திருக்கிறது, கேட்டும்விட்டாள், இனி மறுத்தால் நாம் அந்தப் பள்ளியைவிட எந்த வகையில் மேல் என்று எதிர்வாதம். பின்னிரவில் விளக்கை அணைத்தபோது யார் எந்தப் பக்கம் பேசினோம் என்பதே குழம்பிப்போயிருந்தது.

தையில் பள்ளி ஒன்றுக்குப் போய் விசாரித்தோம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிற எட்டாம் வகுப்புத் தனித்தேர்வைப் பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எழுதலாம்; நல்லவேளையாக அதை அவள் எழுதித் தேறியிருந்தாள். ஜூனில் ஒன்பதில் சேர்க்க முடியும் என்றார்கள். அவளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அப்போது பத்தில் இருப்பார்கள். ஓராண்டு பின்தங்கல். அந்த ஓராண்டை அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். "பரவால்ல" என்றாள். அறிவியலில் படம் வரைந்து பாகம் குறிப்பதும், குறித்த நேரத்துக்குள் எழுதி முடிப்பதும் அவளுக்குப் பழக்கமில்லை. நெல்லின் தூர்களை எண்ணச் சொன்னால் எண்ணுவாள். ஒருவித்திலைத் தாவரத்தின் பண்புகள் யாவை என்றால், எந்தத் தாவரம் என்று திருப்பிக் கேட்பாள். இரண்டு மதிப்பெண் போகும்.

களையெடுக்க வந்த மூதாட்டியிடம் சேதியைச் சொன்னது மூத்தவள்தான். அவர் மண் அப்பிய கையாலேயே அவள் கன்னத்தை வழித்து முத்திக்கொண்டார். எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

இளையவனின் நிலை இன்னும் தீரவில்லை. அக்கா போய்விட்டால் மழையளவு குறிப்பது மட்டுமல்லாமல் அணை வரைபடமும் தன் தலையில் விழும் என்பது அவன் கவலை. தானும் வருவேன் என்று ஒரு நாள் சொல்கிறான். மறுநாள், பசுவை யார் குளிப்பாட்டுவது என்கிறான். அவனிடம் நாங்கள் எதுவும் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறோம். கேட்காமல் இருப்பது சிரமமாக இருக்கிறது.

இதற்கிடையில் அவள் தனக்கென்று ஒரு கால அட்டவணை போட்டு, அரிசிப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறாள். பாடத்துக்கு நாற்பது நிமிடம். தொழுவத்து உத்திரத்தில் பழைய கலப்பைக் கொழு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அடிக்க ஒரு கருங்கல். ஒன்பதரைக்கு முதல் மணி. எங்களில் வயலில் நிற்பவருக்கு அது மடைவரை கேட்கிறது. இளையவன் மழைமானியை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறான். நேற்று மூன்று நிமிடம் பிந்தி வந்தான் என்று வெளியே நிறுத்திவிட்டாள்.